ரூமுக்குள்ள ஒரு நேட்டால் லைன்: நீராவி எஞ்சின் பைத்தியங்களுக்கு மாடல் ரயில்வே முழு வழிகாட்டி

மாடல் ரயில்வே ஆரம்பிக்கணும்னு நெனைக்கிறவங்க முக்கால்வாசி பேர் முதல்ல போய் ஒரு செட் வாங்கிடுறாங்க. பொட்டிக்குள்ள ஒரு எஞ்சின், மூணு பெட்டி, வட்டமா போடுற தண்டவாளம், ஒரு கன்ட்ரோலர், வீட்டுக்கு வந்து தரையில விரிச்சு ஒரு மணி நேரம் சுத்த விட்டா பசங்க கை தட்டுவாங்க, கொஞ்ச நாள்ல எல்லாம் கட்டிலுக்கு அடியில போயிடும். செட் மேல குத்தம் சொல்லல. அந்த ரயிலுக்கு போய்ச் சேர ஒரு ஊர் இல்ல, அவ்வளவுதான். அதனால நான் தலைகீழா சொல்லப் போறேன்: முதல்ல ஊர், அப்புறம் காலம், அப்புறம் அளவு, கடைசியில தான் கடைக்கு போறது. டர்பன், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட், மாரிட்ஸ்பர்க் பக்கம் இருக்குற நம்மாளுங்களை மனசுல வச்சு எழுதுறேன், ஜோபர்க், கேப் டவுன்ல இருக்கிறவங்க ஊர் பேரை மாத்திக்கோங்க.

நம்ம லைன்ல இருக்குற அதிர்ஷ்டம்

தென்னாப்பிரிக்காவுல முதல் நீராவி ரயில் ஓடுனது 1860 ஜூன் 26, டர்பன் மார்க்கெட் ஸ்கொயர்ல இருந்து பாயிண்ட் துறைமுகம் வரைக்கும், ரெண்டே மைல். அதே வருஷம் நவம்பர் 16-ல மெட்ராஸ்ல கிளம்புன ட்ரூரோ கப்பல் டர்பன் வந்து சேருது, ஒப்பந்தக் கூலியா நம்ம முன்னோருங்களை ஏத்திக்கிட்டு. கரும்புத் தோட்டத்துக்கு மட்டும் போகல அவங்க, நேட்டால் அரசு ரயில்வேக்கும் நெறைய பேர் போனாங்க, மண்ணு வெட்டி, ஜல்லி கொட்டி, ஸ்லீப்பர் கட்டை தூக்குன கைங்க. எங்க தாத்தாவும் கேங்ல இருந்தவர்தான், அதனால எனக்கு இந்த லைன் மேல கொஞ்சம் பாரபட்சம் உண்டு, முன்னாடியே சொல்லிடுறேன்.

அந்த முதல் ரெண்டு மைல் 1435 மி.மீ. கேஜ்ல போட்டது, கேஜ்னா ரெண்டு தண்டவாளத்துக்கு நடுவுல இருக்குற அகலம். உள்நாட்டுக்கு மலை ஏறணும்னு வந்தப்ப மூணரை அடிக்கு, அதாவது 1067 மி.மீ.க்கு இறங்கிட்டாங்க, ஏன்னா குறுகல் கேஜ்ல வளைவை இறுக்கிப் போடலாம், மலையை வெட்டுற செலவு குறையும். 1880 டிசம்பர்ல லைன் மாரிட்ஸ்பர்க் போய் சேர்ந்துச்சு, வழியெல்லாம் 30-க்கு 1 ஏத்தம், 300 அடி ரேடியஸ் வளைவு. ரயில்வே நடத்துனவங்களுக்கு அது பெரிய தலைவலி, நமக்கு வரம். கணக்கு பாருங்க: 300 அடின்னா 91 மீட்டர் சொச்சம், மாடல் நெஜத்துல 87-ல ஒரு பங்கு அளவுன்னு வச்சு (எச்ஓ, கீழ சொல்றேன்) அதை 87-ஆல வகுத்தா 1.05 மீட்டர். ஒரு மீட்டர் வளைவு ஒரு கராஜுக்குள்ள அடங்கும். இங்கிலாந்து மெயின் லைன்ல வேகமா போற வளைவு ஒண்ணு, ஒரு கிலோமீட்டர் ரேடியஸ்னு வச்சுக்குவோம், அதே அளவுல பதினோரு மீட்டருக்கு மேல வரும், எவன் வீட்டுல இருக்கு அவ்வளவு இடம்? அந்த ஊர்க்காரங்க வேற வழி இல்லாம வளைவை நெருக்கி, ஏத்தத்தைக் கூட்டி, அப்புறம் மலையையும் மரத்தையும் வச்சு மறைக்கிறாங்க. நேட்டால்ல அதெல்லாம் நெஜமாவே இருந்துச்சு, மறைக்க வேண்டிய அவசியமே இல்ல.

முதல்ல போய்ப் பாருங்க, கேளுங்க

ஒரு ரேண்ட் செலவு பண்றதுக்கு முன்னாடி நெஜ எஞ்சின் பக்கத்துல போய் நில்லுங்க. டர்பன்காரங்களுக்கு உம்கேனி ஸ்டீம் ரயில்வே இருக்கு, க்ளூஃப்ல இருந்து இன்சாங்கா பக்கம், ஆயிரம் குன்று பள்ளத்தாக்கு ஓரமா, அதே பழைய மெயின் லைன்ல. போன் போட்டு ஓடுதான்னு கேட்டுட்டு கிளம்புங்க, இந்த மாதிரி பழைய ரயில் எல்லாம் தன்னார்வலர்ங்க உழைப்புல ஓடுறது. மாரிட்ஸ்பர்க் மேல ஹில்டன் ஸ்டேஷன்ல நிறுத்தி வச்ச எஞ்சின்ங்க இருக்கு. லாங் டிரைவ் போக முடிஞ்சா ஃப்ரீ ஸ்டேட்ல ஃபிக்ஸ்பர்க் பக்கம் சாண்ட்ஸ்டோன் பண்ணை, ரெண்டு அடி கேஜ் எஞ்சின்ங்க அங்க உயிரோட ஓடுது. ஜார்ஜ்ல அவுட்டெனிக்வா டிரான்ஸ்போர்ட் மியூசியம், ஜோபர்க்ல ஜேம்ஸ் ஹால் மியூசியம், ரெண்டும் ஒரு முழு நாள் தாங்கும்.

போய் சும்மா செல்ஃபி எடுத்துட்டு வராதீங்க. எஞ்சின் எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சு பார்த்தா தான் மாடல்ல எது சரி எது தப்புன்னு கண்ணு சொல்லும். சுருக்கமா சொல்றேன். ஃபயர்பாக்ஸ்ல கரி எரியுது, அந்த சூடு பாய்லர் குழாய் வழியா போய் சுத்தி நிக்கிற தண்ணியை நீராவி ஆக்குது, டிரைவர் ரெகுலேட்டரைத் திறந்தா நீராவி சிலிண்டருக்குள்ள போய் பிஸ்டனை ஒரு பக்கம் தள்ளும், வால்வு மாறும், அடுத்த பக்கம் தள்ளும். வேலை முடிஞ்ச நீராவி புகைபோக்கி வழியா பீறிட்டுப் போறப்ப ஃபயர்பாக்ஸ்ல இருந்து காத்தை இழுத்துக்கிட்டுப் போகுது, அதனால எஞ்சின் எவ்வளவு கஷ்டப்பட்டு இழுக்குதோ அவ்வளவு நெருப்பு தானா கொழுந்து விடும். இந்த ஒரு ஏற்பாடு தான் நீராவி எஞ்சினோட மூளை, வேற கன்ட்ரோல் பாக்ஸ் எதுவும் கிடையாது. ரெண்டு சிலிண்டர், ரெண்டு பக்கமும் தள்ளும், ஆக சக்கரம் ஒரு சுத்து சுத்துனா நாலு "சஃப்". எண்ணிப் பாருங்க. 25என்சி வகை எஞ்சினோட பெரிய சக்கரம் 60 அங்குலம், மணிக்கு 10 கி.மீ.ல போறப்ப செகண்டுக்கு ரெண்டு சத்தம் சொச்சம் வரும், 40 கி.மீ.ல ஒன்பது ஆயிடும், தனித்தனியா காதுல பிரிக்க முடியாது.

சத்தம்னு பேச்சு வந்ததால இதையும் சொல்லிடுறேன், எனக்குப் பிடிச்ச கதை. கரூ பாலைவனத்துல தண்ணி கிடையாது, அதனால 1953-ல இருந்து 1955 வரைக்கும் 90 கண்டென்சிங் எஞ்சின்ங்களை இறக்குனாங்க, கிளாஸ் 25. வேலை முடிஞ்ச நீராவியை வானத்துல விடாம பின்னாடி ஒரு நீள டெண்டருக்கு (எஞ்சினோட சேர்ந்து வர்ற கரி, தண்ணி வண்டி) கொண்டு போய், ஃபேன் போட்டு ஆற வச்சு, திரும்ப தண்ணியாக்கி பாய்லருக்கே ஊத்துறது. டெண்டர் எஞ்சினை விட நீளம்! ஆனா நீராவி புகைபோக்கி வழியா போகலைன்னா நெருப்புக்கு காத்து யாரு இழுப்பா? அதுக்கு முன்னாடி ஒரு டர்பைன் ஃபேன் வச்சாங்க. அதனால அந்த எஞ்சின் சஃப் சஃப்னு போகாது, விர்ர்ருன்னு ஒரு ஊளை தான். கரித்துகள் பட்டு அந்த ஃபேன் இறக்கை தேஞ்சு தேஞ்சு பராமரிப்பு தாங்கல, 70-கள்ல கிட்டத்தட்ட எல்லாத்தையும் சாதா 25என்சியா, அதாவது கண்டென்சிங் இல்லாத எஞ்சினா, மாத்திட்டாங்க. யாராவது கண்டென்சிங் 25 மாடல்ல சஃப் சவுண்ட் சிப் போட்டு உங்களுக்கு விக்க வந்தா சிரிச்சுட்டு வந்துடுங்க.

இன்னொண்ணு ரெட் டெவில். டேவிட் வார்டேல்ங்கிற எஞ்சினியர் 3450 நம்பர் 25என்சியை கேப் டவுன் சால்ட் ரிவர் ஒர்க்ஷாப்ல மாத்திக் கட்டி 1981-ல வெளிய விட்டாரு, நெருப்பு எரியிற முறையையும் புகைபோக்கியையும் திருத்தி அமைச்சதுல கரியும் தண்ணியும் கால் பங்குக்கு மேல மிச்சம். உலகமே நீராவியை மூட்டை கட்டிட்ட காலத்துல இந்த நாட்டுல ஒருத்தர் அதை இன்னும் நல்லா பண்ணலாமேன்னு உட்கார்ந்திருக்காரு. மெயின் லைன் நீராவி இங்க 90-கள் தொடக்கம் வரைக்கும் ஓடுச்சு, அதனால தான் உலகம் பூரா இருந்து கேமரா தூக்கிட்டு வந்தாங்க.

காலம் எது?

இங்க தான் நெறைய பேர் யோசிக்காம விட்டுடுறாங்க. நேட்டால் மெயின் லைன்ல கரண்ட் ரொம்ப சீக்கிரமே வந்துடுச்சு. 1920-கள் நடுவுலயே க்ளென்கோவுல இருந்து மாரிட்ஸ்பர்க் வரைக்கும் மின்சார எஞ்சின், அடுத்த பத்து வருஷம் சொச்சத்துல டர்பன் பக்கமும். அதனால 1960-ல டர்பன் மெயின் லைன்ல நீராவி எக்ஸ்பிரஸ் ஓடுறதா நீங்க கட்டுனா தெரிஞ்சவன் புருவத்தை தூக்குவான். வழி ரெண்டு. ஒண்ணு, பழைய காலம்: நேட்டால் அரசு ரயில்வே காலத்து டேங்க் எஞ்சின்ங்க (தனி டெண்டர் இல்லாம தண்ணியை தன் மேலயே சுமக்குறது), 1888-ல இருந்து கிளாஸ்கோவுல டியூப்ஸ் கம்பெனி கட்டி அனுப்புன 4-8-2 (முன்னாடி நாலு, நடுவுல இழுக்குற எட்டு, பின்னாடி ரெண்டு சக்கரம்) டேங்க் எஞ்சின் மட்டும் நூறு வந்துச்சு. இல்லன்னா ஜிஎல் கேரட் காலம் (கேரட்னா நடுவுல ஒரு பாய்லர், முன்னாடி பின்னாடி ரெண்டு எஞ்சின் வண்டி இருக்குற வகை), 1929-30-ல டர்பன்–கேட்டோ ரிட்ஜ் ஏத்தத்துக்குன்னே வாங்குன எட்டு எஞ்சின், ஒவ்வொண்ணும் 200 டன்னுக்கு மேல, கரண்ட் வந்தப்புறம் அதுங்க க்ளென்கோ–விரைஹெய்ட் நிலக்கரி லைனுக்குப் போச்சு, ஒண்ணு இப்ப மான்செஸ்டர் மியூசியத்துல நிக்குது.

ரெண்டாவது வழி கிளை லைன். மாரிட்ஸ்பர்க் மேசன்ஸ் மில் ஷெட்ல இருந்து கிரேடவுன், ஃப்ராங்க்ளின் பக்கமெல்லாம் ஜிஎம்ஏஎம் கேரட் ரொம்ப காலம் ஓடுச்சு. தெற்குக் கடற்கரையில போர்ட் ஷெப்ஸ்டோன்–ஹார்டிங் ரெண்டு அடி கேஜ், அதுல என்ஜிஜி16. அந்த வகையில கடைசி எட்டு எஞ்சின் 1967-68-ல ஜோகன்னஸ்பர்க்ல கட்டுனது, இப்ப அந்த குடும்பத்துல பல எஞ்சின் வேல்ஸ்ல மலை ஏறிக்கிட்டு இருக்கு. முதல் முறையா கட்டுறவங்களுக்கு என் ஓட்டு கிளை லைனுக்கு தான். ரயில் குட்டி, ஸ்டேஷன் குட்டி, ஒரு நாளைக்கு ரெண்டு வண்டி, அதை முழுசா கட்டி முடிக்க முடியும்.

அளவு: கொஞ்சம் கணக்கு, பொறுத்துக்கோங்க

கடையில சுலபமா கிடைக்கிற தண்டவாளம் 16.5 மி.மீ. அகலம். எச்ஓங்கிற 1:87 அளவுல அது 1435 மி.மீ. கேஜ், அதாவது ஐரோப்பா, அமெரிக்கா லைன். நம்ம 1067 எஞ்சினை அது மேல நிறுத்துனா கால் அகட்டி நிக்கும். நெறைய பேர் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி ஓட்டுறாங்க, இத்தாலிக்கார லிமா கம்பெனி ஒரு காலத்துல போட்ட எஸ்.ஏ.ஆர். (தென்னாப்பிரிக்க ரயில்வே) மின்சார எஞ்சின், பெட்டி எல்லாம் இந்த ரகம் தான், செகண்ட் ஹேண்ட்ல இன்னும் கிடைக்கும். தப்பில்ல, சந்தோஷமா ஓட்டலாம். சரியா வேணும்னா அதே 1:87-ல 12 மி.மீ. தண்டவாளம் போடணும், கணக்குப்படி 1044 வருது, கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது.

சூட்சுமம் இன்னொண்ணு இருக்கு. தண்டவாளத்தை மாத்தாம எஞ்சின் அளவை மாத்துங்க. 16.5 மேல 1:64 அளவுல கட்டுனா 1056 மி.மீ. ஆயிடுது, மூணரை அடி கேஜ் ரெடி. ஆஸ்திரேலியா, நியூசிலாந்துல மூணரை அடி லைன் கட்டுறவங்க இதே வழியில போறாங்க, சக்கரம், மோட்டர், பாயிண்ட் (தண்டவாளம் ரெண்டா பிரியிற துண்டு) எல்லாம் சாதா கடைச் சரக்கு, மேல் உடம்பு மட்டும் நீங்க கட்டணும், இல்ல 3டி பிரிண்ட் எடுக்கணும். இடம் ரொம்ப கம்மின்னா 9 மி.மீ. தண்டவாளத்து மேல 1:120, அது 1080 வரும். அதே 300 அடி வளைவு அப்ப வெறும் 76 செ.மீ.

ரெண்டு அடி கேஜ் ஆசைன்னா வேலை இன்னும் சுலபம். 1:76 அளவுல 9 மி.மீ. தண்டவாளம், ஓஓ9-னு சொல்லுவாங்க, துல்லியமா பார்த்தா 684 மி.மீ. ஆகுது, கொஞ்சம் அகலம் தான், ஆனா பேக்மான் கம்பெனி என்ஜிஜி16 கேரட்டையே இந்த அளவுல ரெடிமேடா போட்டிருக்கு. நேட்டால்ல ஓடுன எஞ்சின் ஒண்ணு பொட்டியில வந்து வீட்டு வாசல்ல இறங்குறது சாதாரண விஷயமா? விலையைக் கேட்டா மட்டும் உட்கார்ந்துட்டு கேளுங்க, இறக்குமதி வரியும் 15% வாட்டும் மேல சேரும்.

தோட்டம் இருந்தா, கரண்ட் வேணாம் நெஜ நீராவியே வேணும்னா, 1:19 அளவுல 32 மி.மீ. தண்டவாளம், அது கணக்கா ரெண்டு அடி. கேஸ் ஊத்தி நெருப்பு பத்த வச்சு நெஜமா கொதிக்கும். பைப் தண்ணி ஊத்தாதீங்க, உப்பு படியும், டிஸ்டில்ட் வாட்டர் தான். ஸ்டீம் ஆயில்னு தனியா இருக்கு, அது இல்லாம ஓட்டுனா சிலிண்டர் காலி. சேஃப்டி வால்வைத் திருகி விளையாடுறவனைப் பக்கத்துலயே சேர்க்காதீங்க.

பலகை

இடம் அளக்குறப்ப ரயிலை அளக்காதீங்க, மனுஷனை அளங்க, நீங்க நிக்கிறதுக்கும் குனியிறதுக்கும் 60 செ.மீ. வேணும், கை எட்டுற தூரம் 70 செ.மீ. தான், அதுக்கு அப்பால தடம் புரண்டா ஏணி போட்டு தான் எடுக்கணும். நடுவுல பெரிய மேசை போடுறதை விட செவுத்தோரமா 40-45 செ.மீ. அகல ஷெல்ஃப் எவ்வளவோ மேல். உயரம் நெஞ்சு மட்டம். மேல இருந்து பார்த்தா பொம்மை, பக்கவாட்டுல பார்த்தா ரயில்.

பைன் கட்டையில சட்டம், மேல 9 மி.மீ. ப்ளைவுட். டர்பன் ஈரக்காத்து உங்களுக்கே தெரியும், கடலோரத்துல இருந்தா உப்பும் சேரும். ப்ளைவுட்டை வெட்டுனதும் மேல, கீழ, ஓரம் எல்லா பக்கமும் வார்னிஷ் அடிங்க, ஒரு பக்கம் மட்டும் அடிச்சா அப்பளம் கணக்கா வளைஞ்சுக்கும். சிப்போர்டு வேணவே வேணாம், ஒரு மழைக்காலம் தாங்காது. கராஜ்னா கூரைத் தகர சூட்டுல தண்டவாளம் நீளும், அதனால ஜாயிண்ட்ல ஒரு விசிட்டிங் கார்டு நுழையிற இடைவெளி விட்டு தான் போடணும்.

ஏத்தம் வைக்கிறீங்கன்னா இதை முன்னாடியே போட்டுப் பாருங்க: ஒரு லைன் மேல இன்னொரு லைன் தாண்டணும்னா எச்ஓல சுமார் 75 மி.மீ. உயரம் வேணும், நேட்டாலோட 30-க்கு 1 ஏத்தத்துல அதுக்கு 2.25 மீட்டர் ஓடணும். வளைவும் ஏத்தமும் சேர்ந்து வந்தா குட்டி எஞ்சின் நாலு பெட்டிக்கே முக்கும். நெஜ லைன்லயும் அப்படித்தான் முக்குச்சு, ஜிஎல் வாங்குனதே அதுக்குத்தானே.

தண்டவாளம் போடுறது

நிக்கல் சில்வர் தண்டவாளம் வாங்குங்க, பழைய செட்ல வர்ற இரும்பு தண்டவாளம் நம்ம ஊர்ல துரு பிடிச்சே தீரும். வளைச்சு போடுற ஃப்ளெக்ஸி ட்ராக் 914 மி.மீ. நீளத்துல வரும், செட் தண்டவாளத்தை விட ஜாயிண்ட் கம்மி, தொல்லையும் கம்மி. ஓஓ, எச்ஓ செட்ல வர்ற ரெண்டாம் நம்பர் வளைவு 438 மி.மீ. ரேடியஸ், பெரிய எஞ்சினுக்கு அது பத்தாது, 60 செ.மீ.க்கு கீழ இறங்காம பாருங்க.

கேரட் ஓட்டப் போறவங்க கவனிக்கணும். அதுல பாய்லர் நடுவுல, முன்னாடி பின்னாடி ரெண்டு தனித்தனி எஞ்சின் வண்டி, வளைவுல சுலபமா மடங்கும், ஆனா பாய்லர் சட்டம் நேர்கோடா வளைவுக்கு உள்பக்கமா நகரும். உள்பக்கம் பிளாட்ஃபாரமோ குகை செவுரோ கிட்டத்துல இருந்தா உரசும். பசை போடுறதுக்கு முன்னாடி எஞ்சினை கையால தள்ளிப் பார்த்துடுங்க.

கீழ 3 மி.மீ. கார்க் ஒட்டி, அதுக்கு மேல தண்டவாளம். பாயிண்ட் மட்டும் சிக்கனம் பார்க்காதீங்க, தடம் புரள்ற சோலி முக்கால்வாசி அங்கதான் நடக்கும். நடுவுல கூர் பகுதி பிளாஸ்டிக்கா இருந்தா குட்டி டேங்க் எஞ்சின் மெதுவா போறப்ப கரண்ட் கிடைக்காம அங்கேயே நின்னுடும், உலோகக் கூர் இருக்குற பாயிண்ட்டா பார்த்து வாங்குங்க.

கரண்ட்

பழைய முறை 12 வோல்ட் டிசி, வோல்ட்டேஜ் கூட்டுனா வேகம். ஒரு எஞ்சின் மட்டும்னா இதுவே போதும், மலிவு. ரெண்டு எஞ்சினுக்கு மேல, சவுண்ட் வேணும்னா டிசிசி. தண்டவாளத்துல எப்பவும் முழு கரண்ட், அதுலயே கட்டளையும் போகும், ஒவ்வொரு எஞ்சின்லயும் ஒரு டிகோடர், அதுக்கு ஒரு நம்பர், புதுசா வர்றப்ப எல்லாம் 3-ல தான் இருக்கும். முதல் நாளே டிகோடர்ல ரெண்டு செட்டிங் மாத்துங்க, சிவி 3, சிவி 4. முதல்ல சொன்னது கிளம்பி வேகம் எடுக்குற நேரம், அடுத்தது நிக்கிற நேரம். ரெண்டையும் கூட்டுங்க, 800 டன் கூட்ஸ் வண்டி சுவிட்ச் போட்ட உடனே பாயாது.

பலகைக்கு அடியில 1.5 சதுர மி.மீ. தடிமன்ல ரெண்டு மெயின் வயர், ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் அதுல இருந்து ஒரு மெல்லிசு வயர் சால்டர் பண்ணி மேல கொண்டு வாங்க. ஜாயிண்ட் தகடு கரண்ட் கடத்தும்னு நம்பாதீங்க, ஈரத்துல ஒரு வருஷத்துல கறுத்துடும். பிளம்பர் போடுற ஆசிட் ஃப்ளக்ஸ் பக்கமே போகாதீங்க. லோட் ஷெட்டிங் காலத்துல நமக்கு பழகிப் போன பாடம் இங்கயும் உண்டு: கரண்ட் போனா கன்ட்ரோலர் பிளக்கை பிடுங்கிடணும், திரும்பி வர்றப்ப ஒரு அடி அடிக்கும், டிகோடர் தாங்காது.

ஊர் கட்டுறது, எனக்குப் பிடிச்ச இடம்

வெளிநாட்டு கிட்ல வர்ற ஜெர்மன் கிராமம், கூரான சர்ச் எல்லாம் அழகுதான். ஆனா நம்ம லைன் ஓரத்துல என்ன இருந்துச்சு? கரும்பு, தகரக் கூரை, கோயில். மவுண்ட் எட்ஜ்கோம்ப் பக்கம் ஆலையும் பெருமாள் கோயிலும் ஈஸ்டர்ல தேரும் தெரியாதவங்க யாரு. அதை வைங்க.

கரும்பு மூணு மீட்டர் வளரும்னா 1:87-ல 34 மி.மீ. தேங்காய் நார் மிதியடி வாங்கி வரிசை வரிசையா வெட்டி, பச்சை ஸ்ப்ரே லேசா ஒரு பக்கமா அடிச்சு, நுனியில கொஞ்சம் வெள்ளைப் பஞ்சு தொட்டா பூ விட்ட கரும்பு. ஆலை ஏப்ரல்ல இருந்து டிசம்பர் வரைக்கும் ஓடும், அதனால பாதி வயலை வெட்டுனதா விடுங்க, ஒரு மூலையில கொளுத்துன கரி நிலம், கண்ணுக்கு அதுதான் நெஜம்னு படும். மண்ணுக்கு கடைப் பவுடர் எதுக்கு, டர்பன்ல பெரியான்னு (Berea) சொல்ற குன்றோட செம்மண்ணை அள்ளி, ஓவன்ல வறுத்து, மெல்லிசு சல்லடையில சலிச்சு, மேல காந்தத்தை ரெண்டு மூணு தடவை ஓட்டுங்க, இரும்புத்துகள் இருந்தா மோட்டர்க்குள்ள போய் ஒட்டிக்கும். மலைக்கு ஐசோபோர்ட் (தெர்மாகோல் மாதிரி நுரைப்பலகை) தகடை அடுக்கி அறுத்து மேல பிளாஸ்டர் துணி. ஜல்லியை பிரஷ்ஷால பரப்பிட்டு, தண்ணியும் மரப்பசையும் பாதிக்குப் பாதி, பாத்திரம் கழுவுற லிக்விட் ஒரு சொட்டு, சொட்டு மருந்து குழல்ல விடுங்க, அந்த ஒரு சொட்டு இல்லன்னா ஜல்லி உருண்டை உருண்டையா மிதக்கும்.

மனுஷங்க பொம்மை எல்லாம் வெள்ளைத்தோல், கோட்டு சூட்டுல வரும். பிரவுன் பெயிண்ட் அடிங்க. புடவைக்கு டிஷ்யூ பேப்பரை ஒரு அடுக்கா உரிச்சு, கரைச்ச பசையில நனைச்சு, ஊசி முனையால மடிப்பு வைக்கலாம், எங்க வீட்டுல அக்கா தான் இதுல கெட்டி. லெவல் கிராசிங்ல காவடி ஊர்வலம் நிக்குது, கேட் மூடியிருக்கு, கேரட் கடக்குது: இப்படி ஒரு காட்சி எந்த கிட்லயும் வராது.

பெரிய ஸ்டேஷன் கட்டணும்னா மாரிட்ஸ்பர்க். செங்கல் கட்டடம், 1893 ஜூன் 7 ராத்திரி காந்தியை ரயில்ல இருந்து இறக்கி விட்ட இடம். அங்க ஒரு கேள்வி வரும். நீங்க 1950, 60-கள்னு காலம் வச்சா ஸ்டேஷன்ல தனித்தனி வாசல், தனித்தனி பெஞ்சு, போர்டு எல்லாம் இருந்துச்சு. ரயிலை எல்லாம் நுணுக்கமா பண்ணிட்டு அந்த போர்டை மட்டும் விட்டுடுறவங்க நெறைய பேர், பார்க்க நல்லா இருக்காதாம். என் பலகையில போர்டு இருக்கு. ரிவெட் எண்ணிக்கை சரியா இருக்கணும்னு சண்டை போடுற பொழுதுபோக்குல எங்க தாத்தா எந்த வாசல் வழியா போனாருங்கிறது மட்டும் மறைக்கணுமா? பேரப்பசங்க கேக்குறாங்க, பதில் சொல்றேன்.

ஓட்டுறது

வேகம் தான் எல்லாத்தையும் கெடுக்கும். எச்ஓல மணிக்கு 40 கி.மீ.ன்னா ஒரு மீட்டர் கடக்க எட்டு செகண்ட் ஆகணும். ஒரு செகண்ட்ல ஒரு மீட்டர் ஓட விட்டீங்கன்னா அது 313 கி.மீ. வேகம், புல்லட் ரயில்! ஸ்கேல் வச்சு ஒரு மீட்டர் குறிச்சு, போன்ல டைம் பாருங்க, கை தானா பழகிடும்.

இடம் ரெண்டு மீட்டர் கூட இல்லைன்னா இங்கில்நூக்னு ஒரு ஷண்டிங் (வேகனை முன்னும் பின்னும் தள்ளி வரிசைப்படுத்துறது) புதிர் இருக்கு, இங்கிலாந்துக்காரங்க கண்டுபிடிச்சது. மூணு சைடிங், ஒண்ணுல அஞ்சு வேகன் நிக்கும், மத்த ரெண்டுல மூணு மூணு, எஞ்சின் நிக்கிற பக்கத்துல எஞ்சினும் மூணு வேகனும் மட்டும் அடங்கும். எட்டு வேகனுக்கு எட்டு சீட்டு எழுதி குலுக்கி அஞ்சு எடுங்க, வந்த வரிசையில வண்டி கோக்கணும். 6,720 வரிசை வரும், ஆயுசுக்கும் தாங்கும். நான் அதை கரும்பு ஆலை சைடிங்னு வச்சிருக்கேன், வேகன்ல கரும்பு, சக்கரை மூட்டை, ஒண்ணுல கரி.

கடைசியா பராமரிப்பு

தண்டவாளத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால துடைங்க, உப்புத்தாள் போட்டு தேய்க்காதீங்க, கீறல்ல அழுக்கு இன்னும் சேரும். எஞ்சின் சக்கரத்துக்கும் அதே. எண்ணெய் ஊசி முனை அளவு ஒரு துளி, அச்சுல மட்டும், சமையல் எண்ணெயோ துரு ஸ்ப்ரேயோ கூடாது. புகை போடுற எஞ்சின்னா ஜன்னலைத் திறந்து வச்சு ஓட்டுங்க, அந்த எண்ணெய்ப்படலம் தண்டவாளம் பூரா படியும், அடுத்த நாள் துடைக்கிற வேலை உங்களுக்குத்தான். டிசம்பர் லீவுக்கு வெளியூர் போறதா இருந்தா எஞ்சின்ங்களை டப்பாவுல சிலிகா ஜெல் பாக்கெட்டோட போட்டு மூடி வீட்டுக்குள்ள எடுத்துட்டு வந்துடுங்க, பலகை மேல பழைய காட்டன் பெட்ஷீட் போதும், பிளாஸ்டிக் போட்டு மூடுனா உள்ள வேர்த்துக்கும்.